பூஜ்யம் பேர் வாழ்ந்த தெரு

"அம்மா, நானூறு வருஷம் முன்னாடி செத்துப்போனவங்களை எண்ணி இப்ப ஏன் நமக்குத் தண்ணி விடுறாங்க?" என்று தவமணியின் மகள் ஒருமுறை கேட்டாள். சட்டம் அப்படி. பழைய அரசுகளில் எந்தத் தெருவில் எத்தனை பேர் வாழ்ந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டு, அதன்படிதான் இன்று குடிநீர் விட்டார்கள். மதிப்பிடும் அலுவலகத்தில்தான் தவமணிக்கு வேலை.

அன்று ஏரிக்கரைத் தெருவின் முறை. அதிகாரி பத்மநாபன் பூஜ்யம் என்று பதிந்தார்.

"அங்க ஆளுங்க இருந்தாங்களே, சார்?"

"இருந்திருப்பாங்கம்மா. ராஜா வீட்டுவரி கட்டினவங்களைத்தானே எண்ணினான்? இவங்களை ஊருக்குள்ளயே விடலையே, வரி எங்க கட்டுறது!"

தன் பேச்சுக்குத் தானே சிரித்தவர், குளிர்ந்த நீரை வாய் நிறைய எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார். தவமணி அவர் பதிந்த பூஜ்யத்தையே பார்த்தாள். அன்று ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். இன்று அதையே காரணமாக்கித் தாகத்தில் சாகச் சொல்கிறார்கள். கடவுள் இதைப் பார்த்துக்கொண்டா இருக்கிறார்?

மாலையில் தன் வீட்டுப் பங்கில் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைத் தெருவுக்குப் போனாள். பிரசவக் காய்ச்சலில் அவள் நினைவிழந்து கிடந்தபோது, அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக் காப்பாற்றிய மாடத்தி அங்கேதான் குடியிருந்தாள். மாடத்தி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. வாசலில் இருந்த காலிப் பானையில் தண்ணீரை ஊற்றி, தட்டால் மூடிவிட்டு, யாரும் வருவதற்குள் தவமணி திரும்பி நடந்தாள்.