அண்ணனின் சாவியில் ஒரு கையெழுத்து

அண்ணன் காணாமல் போய் ஏழு மாதம். போலீஸ் கையை விரித்துவிட்டது. கடைசியில் தம்பிக்கு ஒரு வழி தோன்றியது. தனக்கு ரகசிய மெயில் அனுப்புவோருக்காக அண்ணன் இணையத்தில் ஒரு மின்சாவி, அதாவது பொதுச் சாவி, வைத்திருந்தான். ‘இது அண்ணனுடையதுதான்’ என்று அதில் மின்கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்தைப் பூட்டி, அண்ணன் மெயிலுக்கே அனுப்பினான். அந்தப் பொதுச் சாவிக்கு ஜோடியான, அண்ணனின் ரகசியச் சாவி மட்டுமே அதைத் திறக்கும். திறந்து வெளியிட்டால்தான் கையெழுத்து இணையத்தில் தெரியும்.

மூன்றாம் நாள் காலை தெரிந்தது.

“அண்ணி!” போனில் கத்தினான். “அண்ணன் உயிரோடதான் இருக்கான்! நான் அனுப்பினதைத் திறந்துட்டான்!”



“தம்பி, அவர் விட்டுட்டுப் போன லேப்டாப்போட பாஸ்வேர்டை நேத்துதான் கண்டுபிடிச்சேன். உங்க மெயில் வந்திருந்துச்சு, அந்த ரகசியச் சாவியும் லேப்டாப்லயே இருந்துச்சு. அவர் எந்த வேலையையும் அரைகுறையா விடமாட்டாரே... அதான், மெயில்ல போட்டிருந்தபடி நானே செஞ்சு முடிச்சேன்.”