கல்லைக் காட்டுங்க

"கல்லு எங்க?"

மயக்கம் தெளியாத மனைவி ஹுஸ்னியாவை ட்ரொலியில் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் முனீப் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டது அதற்குப் பிறகு.

"டொக்டர் வருவா, அவவிட்டக் கேளுங்கோ" என்றாள் தாதி.

"நீங்களும் உள்ளதானே நிண்ட? கண்ணால கண்டிருப்பீங்களே?"

தாதி சேலைன் போத்தலைச் சரிபார்த்துவிட்டு நழுவினாள். அது முனீப்புக்குப் போதுமாக இருந்தது. விசயம் இருக்கிறது, மறைக்கிறார்கள்.

சந்தேகம் இன்றைக்கு முளைத்ததல்ல. ஹுஸ்னியாவுக்குக் கண் மஞ்சளாகி, கிண்ணியாவில் இருந்து திருகோணமலைக்கு, இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு முதல் தரம் கூட்டி வந்தபோதே தொடங்கிவிட்டது. பித்தக் குழாயில் கல் என்றார்கள். வாய்வழியாகக் கமரா விட்டு எடுக்கலாம் என்றார்கள். விட்டார்கள், ஆனால் எடுக்கவில்லை. கல் பெரிது, இறுகிப் போயிருக்கிறது, இப்போதைக்குப் பித்தம் வடிய ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கிறோம், சொன்ன தேதிக்குத் திரும்பக் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஒரு வேலைய ரெண்டாக்கினா ரெண்டு தரம் காசு. நான் காணாத வித்தையா?" என்று சொல்லி முனீப் அந்தத் தேதியைக் கடத்திவிட்டான். உள்ளே வைத்த குழாய் அடைபட்டது. ஹுஸ்னியா நடுங்கும் காய்ச்சலில் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் வேன் பிடித்துக்கொண்டு பாலம் தாண்டி ஓடி வந்தான். கடைசி நேரம் வந்துவிட்டதென்று வழியெல்லாம் அவள் கலிமா சொல்லிக்கொண்டே வந்தாள்.

காய்ச்சலை இறக்கி, ஆளைத் தேற்றி, இன்றைக்கு இரண்டாம் தரம் கமரா விட்டிருந்தார்கள்.

டொக்டர் சிவாஜினி வந்தார்.

"பயப்பிடாதையுங்கோ. நல்லபடியாச் செய்தாச்சு. முழுசா இழுத்தெடுக்க ஏலாத அளவு பெரிய கல்லு அது. லேசரால உடைச்சனாங்கள்."

"சரி, உடைச்ச கல்லு எங்க?"

"துண்டுகளைக் குடலுக்குள்ள இறக்கி விட்டிட்டம். அது தன்பாட்டில வெளியால போயிரும்."

"அதெப்படி டொக்டர்? எங்கட பக்கத்து வீட்டு பஹ்மியாக்குக் கல்லெல்லாத்தையும் போத்தல்ல போட்டுக் குடுத்தாங்க. அவ அத அலுமாரிக்குள்ள வெச்சி, பெருநாளைக்கு வாற ஆக்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுறா."

"அது பித்தப்பையை வெட்டி எடுத்தது. பையோட கல்லும் கைக்கு வரும். இது வேற."

"எங்களுக்கெண்டா மட்டும் எல்லாம் வேறயாத்தான் இரிக்கி."

டொக்டர் கோபப்படவில்லை. கமரா எடுத்த படங்களை நீட்டினார். உடைக்க முன்னம் ஒன்று, உடைத்த பிறகு ஒன்று. முனீப் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான், திருப்பியும் பார்த்தான்.

"போட்டோ ஆரும் எடுக்கலாம். இது ஆர்ட வயிறெண்டு ஆருக்குத் தெரியும்?"

"இஞ்சாருங்க..." என்றாள் ஹுஸ்னியா. எப்போது கண் திறந்தாளோ தெரியவில்லை. வெட்கத்தில் அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது.

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு முனீப்புக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இதைக் கவனமாக் கேளுங்கோ. மேல்பக்கம் ஒரு துண்டு இன்னும் இருக்கு. ஒரேயடியா எல்லாத்தையும் எடுக்க ஏலாது. புதுக் குழாய் வச்சிருக்கிறம். இன்னொருக்காக் கட்டாயம் கூட்டி வரோணும். போன முறை மாதிரிப் பிந்தினீங்களெண்டா, ஆளைக் காப்பாத்துறது கஷ்டம்."

"மூணாந் தரமா!" முனீப் எழும்பியே விட்டான். "கல்லக் காட்டுங்க, கூட்டி வாறன். காட்டாட்டி ஏலாது."

"இஞ்சாருங்க, புள்ளைகளுக்காக வேண்டியாச்சும்..." ஹுஸ்னியா கெஞ்சினாள். அந்தக் காய்ச்சலை இன்னொரு முறை தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"நீ சும்மா இரி. உனக்கு இதுகள் விளங்காது." முனீப் டொக்டர் பக்கம் திரும்பினான். "டொக்டர், நான் போட் எஞ்சின் திருத்துற ஆள். கிண்ணியாவுல ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க. எஞ்சினுக்குப் புதுச் சாமான் போட்டா, கழட்டின பழசப் போட்காரன்ட கண்ணுல காட்டாம நான் அனுப்புறதில்ல. அதுதான் நேர்மை. நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

டொக்டர் வாய் திறக்குமுன் அவனுடைய ஃபோன் அடித்தது. கராஜைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனன் றம்ஸான். இரைச்சலுக்குள் கத்திப் பழகிய வாய் அவனுக்கு. ஃபோனைக் காதில் வைத்தும் அவன் பேச்சு கட்டில் வரைக்கும் கேட்டது.

"மச்சான், குலசிங்கம் அண்ணன் வந்து நிக்கார். அவர்ட எஞ்சின்ல கழட்டின பழைய பம்பக் காட்டட்டாம். நாம புதுசு போடவே இல்லியே, பழசத்தானே கழுவித் திருப்பிப் போட்ட! இப்ப என்னத்தக் காட்டுற?"

முனீப் ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். எஞ்சினோடு மல்லுக்கட்டிப் பழகியவனின் தாழ்ந்த குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"இதுக்கெல்லாமா என்னக் கேக்கிற? மேசைக்குக் கீழ தகர டின்னுல கிடக்கிறதுல ஒண்டத் தொடச்சிக் காட்டு. எல்லாருக்கும் அதத்தானே காட்டுற!"

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினான். டொக்டர் அவன் கையில் இருந்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹுஸ்னியா தலையணையில் இருந்து மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"டொக்டர், உங்கட மேசைக்குக் கீழயும் ஆர்டயாச்சும் கல்லு கிடந்தா, ஒண்டத் தொடச்சி இவருக்குக் காட்டிருங்க. நான் உசிரோட இரிக்கணும்."