செவர்லேக்குப் பொருந்தாத பம்ப்

"கொலைகாரப் பாவி" என்றான் ரிகோபெர்த்தோ, தம்பியின் முகத்துக்கு நேராக. "இதைக் கொல்ல உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

கொலையுண்டதாகச் சொல்லப்பட்டது பானெட்டைத் திறந்துகொண்டு தெருவில் நின்றது. அப்பாவின் ஐம்பத்திரண்டாம் வருடத்துச் செவர்லே கார். தண்ணீர் பம்ப் போய்விட்டதால், துருப்பிடித்த பழுப்புத் தண்ணீர் அடியில் ஒழுகி, சாக்கடை நாற்றம் அடித்தது.

ரிகோபெர்த்தோ மூக்கைப் பொத்திக்கொண்டான். மயாமியிலிருந்து வருகிறவர்களுக்கு ஹவானாவில் முதலில் வேலை செய்வது மூக்குதான்.

"அண்ணே, செவர்லேக்குத் தண்ணி பம்ப் போயிடுச்சு. கிடைச்சா கொண்டு வா" என்று தம்பி ஓஸ்மெல் ஃபோனில் சொல்லியிருந்தான். அண்ணனும் எங்கெங்கோ தேடி, அசல் செவர்லே பம்ப் ஒன்றை வாங்கி, விமானத்தில் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

அது பொருந்தவில்லை. உள்ளே இருந்தது செவர்லே எஞ்சினே இல்லை, ஏதோ ருஷ்ய ஜீப்பினுடையது. இந்த ஊரில் வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். ஓஸ்மெல் சொல்லாமல் விட்டுவிட்டான்.

எதிர்வீட்டு மிலாக்ரோஸ் காபியோடு வந்தாள். "படகுல மயாமிக்கு ஓடிப்போனவரு ப்ளேன்ல வந்து இறங்கியிருக்காரு. அப்பன் சாவுக்கு வரலை, பம்புக்கு வந்துட்டாரு" என்று அண்ணன் காதில் விழும்படியே சொல்லிவிட்டு, கோப்பையை ஓஸ்மெலிடம் மட்டும் நீட்டினாள்.

ரிகோபெர்த்தோ அதைக் கேட்காதவன்போல் தம்பியிடம் திரும்பினான். "அசல் எஞ்சின் எங்கடா?"

"இல்லைண்ணே."

"வித்து ரம் குடிச்சுத் தீர்த்துட்டியா?"

"விக்கலை."

"பின்ன, கால் முளைச்சுப் போயிடுச்சா?"

ஓஸ்மெல் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி வைத்திருந்த ருஷ்ய பம்ப்பை அரத்தால் தேய்த்தான். கிழிந்த பூட்ஸின் தோலில் வாஷர் வெட்டிவைத்துப் பூட்டினான். கிரீஸ் வழிந்த அதே கையால் காபியையும் எடுத்துக் குடித்தான். அண்ணன் முகத்தைச் சுளித்தான்.

"அப்பா தன் சட்டையைக் கழட்டி இந்த வண்டியைத் துடைப்பாரு. நீ அதுக்குள்ள செருப்புத் தோலை வைக்கிற. த்தூ."

சும்மா சொல்லவில்லை, துப்பியே விட்டான். வெள்ளைக் காலணியும் சென்ட்டுமாக வந்த மனிதன், தம்பியின் காலடியிலேயே துப்பினான். பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

வண்டி கிளம்பியது. ஒரு லாரியைப் போல இருமி, கரும்புகை கக்கி, பிறகு நிதானமாக ஓடத் தொடங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகவில்லை. நாளைக்குச் சவாரி எடுக்கலாம் என்ற நிம்மதி ஓஸ்மெலின் முகத்தில் தெரிந்தது.

ரிகோபெர்த்தோ கையை உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டான்.

"மூத்தவனுக்குத்தான் கார்னு அப்பா அன்னிக்கே சொல்லியிருக்காரு. நாளைக்கே வக்கீலைப் பார்க்கப் போறேன். இனிமே நீ இதைத் தொடக் கூடாது."

"டாக்ஸி ஓட்டித்தாண்ணே என் பிள்ளைங்க சாப்பிடுது. இதையும் எடுத்துட்டா நான் எங்க போவேன்?"

"எங்கயோ போ. அந்த எஞ்சினைக் கழட்டின கையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு."

"கழட்டினது நான் இல்லை. அப்பா."

"செத்தவர் மேல பழி போடாதடா. இந்த வண்டி மேல உயிரையே வச்சிருந்தாரு. அவரு எதுக்குக் கழட்டப் போறாரு?"

ஓஸ்மெல் தலைகுனிந்து நின்றான். அண்ணனிடம் சொல்லவே கூடாதென்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தார். அவர் செத்த பிறகும் அதைக் காப்பாற்றியவனுக்கு இப்போது வேறு வழி இருக்கவில்லை.

"நீ போன படகு எந்த எஞ்சின்லண்ணே ஓடுச்சு?"