நமத்துப் போகாத ஞாயிறு

"வேல்விழி, வாசல்ல வேன் வந்து நிக்குது போலயே!"

கார்த்திக்ராஜ் சொன்னதும், வாணலியை நோக்கிப் போன வேல்விழியின் கை அப்படியே நின்றது. கையில் அன்றைய முதல் ஸ்பிரிங் ரோல். எண்ணெய் அப்போதுதான் காய்ந்திருந்தது.

"போச்சு. இந்த வாரமும் போச்சுங்க" என்றாள்.

அவள் சுருளிப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. நல்ல வீடு, நல்ல புருஷன். ஒரே குறை, வீடு அருவிக்குப் போகிற வழியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், போடி, வருசநாடு, கடமலைக்குண்டு என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் சுருளியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நேராக இங்கேதான் வரும். துண்டு கொடிக்கு, ஆள் பந்திக்கு. யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை. வராதே என்று சொல்ல முடியுமா?

கல்யாணமான புதிதில், "என் கையால ஒருநாள் ஸ்பிரிங் ரோல் செஞ்சு தாரேன், பாருங்க" என்று புருஷனிடம் பெருமையடித்திருந்தாள். மூன்று ஞாயிறாக முயன்றும் பார்த்துவிட்டாள். முதல் வாரம், உள்ளே வைக்க வதக்கிய கோஸும் கேரட்டும் பதினோரு பேருக்குப் பொரியலாகிப் போயின. அடுத்த வாரம், பொரித்த பதினாறும் வந்த பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயின. போன வாரம் இரண்டை மட்டும் ஒளித்து வைத்தாள். எல்லோரையும் அனுப்பிவிட்டு எடுத்துப் பார்த்தால் நமத்துத் தொங்கின. எடுத்த சூட்டோடு கடித்தால்தான் அது ஸ்பிரிங் ரோல். ஆறிப்போனால் கோஸ் பொட்டலம்.

அன்று பாத்திரம் கழுவும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் சொர்ணலதா அதைப் பார்த்தாள்.

இன்று காலையில் மைதா மாவைக் கரைத்து, தோசைக்கல்லில் மெல்லிசாகத் தடவி உரித்துக்கொண்டிருந்தபோது மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கும் அந்தச் சுருட்டலா?"

"ஆமாத்தை."

"ம்... செய்யி. நான் வாசலப் பாத்துக்கிறேன்."

வாசல் கதவை ஒருக்களித்துவிட்டு, உள்பக்கம் அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். விருந்தாளிகளை வரவேற்கத்தான் இத்தனை ஆர்வம் என்று வேல்விழிக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகளின் கூச்சல்.

"நான் போய்ப் பாக்குறேன்" என்று கார்த்திக்ராஜ் எழுந்தான்.

"நீ அங்கனயே இருடா, நான்தான் இருக்கேன்ல!" என்று வாசல் பக்கமிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏத்தா, அந்த ஜன்னலச் சாத்து. எண்ணெய் வாசம் தெருமுக்கு வரைக்கும் போகுது."

வேல்விழி படாரென்று ஜன்னலைச் சாத்தினாள். "அத்தைக்கு நான் செய்யிற எதுவும் ஆகாது" என்று முணுமுணுத்தாள்.

வெளியே, "ஏலே, ஏறுங்கடா வண்டியில" என்று சித்தப்பா ஞானசிகாமணியின் குரல். வேன் கிளம்பிப் போய்விட்டது.

"என்னங்க, போயிட்டாகளா?"

கார்த்திக்ராஜுக்கும் புரியவில்லை. சற்று நேரத்தில் அவன் போன் அடித்தது. "சொல்லுங்க சித்தப்பா... வாசல் வரைக்கும் வந்துட்டு இப்படியா... சரி... சரி சித்தப்பா" என்று வைத்தான்.

"என்னவாம்?"

"வீட்டுல எல்லாரும் சூதானமா இருங்க, நெறைய இளநி குடிங்கன்னு சொல்றாக. வெயில் ஜாஸ்திங்கிறதால போல."

பின்னாலேயே ஒரு கார் வந்து நின்றது. அதுவும் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. வேல்விழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிடைத்த வரைக்கும் லாபம் என்று ரோல்களை மளமளவென எண்ணெயில் இறக்கினாள். தீயைக் குறைத்து, புரட்டிப் புரட்டி, பொன்னிறம் வந்ததும் எடுத்து, மறுபடி ஒருமுறை போட்டு எடுத்தாள். கார்த்திக்ராஜ் ஊதி ஊதிக் கடித்தான். மொறுக்கென்று சத்தம் வந்தது.

"அடிப்பாவி! இதையா மூணு வாரமா ஊரானுக்குக் குடுத்த?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னடா சிரிப்பு அங்கன? மெதுவா. தெருவுக்கே கேக்குது!" என்று வாசல் பக்கமிருந்து அதட்டல் வந்தது.

வேல்விழியின் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நான்கு ரோல்களைத் தட்டில் வைத்து மாமியாரிடம் கொண்டுபோனாள். சொர்ணலதா ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அத்தை, ரெண்டு வண்டி வந்துச்சே. ஏன் ஒருத்தரும் உள்ள வரல?"

"எனக்கென்ன தெரியும்? வந்தவுகள நான் வராதீகன்னு சொல்லல."

வேல்விழி கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. திரும்பும்போதுதான் தலைக்கு மேலே பார்த்தாள்.

வாசல் நிலையில், காலையில் ஒடித்த வாட்டம்கூட இல்லாமல், அம்மை கண்ட வீட்டுக்குச் செருகுகிற மாதிரி ஒரு கொத்து வேப்பிலை. அம்மை கண்ட வீட்டுக்குள் யார் விருந்துக்கு வருவார்கள்? அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வாசமும் சிரிப்புச் சத்தமும் தெருவுக்குப் போகலாமா?

"அத்தை!"

"வேப்பிலதான செருகுனேன். அம்மைன்னு வாயத் தொறந்து சொன்னேனா? மாரியாத்தாகிட்ட மட்டும் காலையிலயே சொல்லிட்டேன், அவ கோவிச்சுக்க மாட்டா" என்றபடி சொர்ணலதா மூன்றாவது ரோலை எடுத்தாள். "இந்த வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருசத்துல, ஞாயித்துக்கெழமையில நான் உக்காந்து சூடாத் திங்கிறது இன்னைக்குத்தான்த்தா."