எவன் தயவும் வேணாம்

தம்பிக்காரன் தன் புது லாரியைக் கொண்டுவந்து, அண்ணன் லாரியின் மூக்கில் இடிக்காத குறையாக நிறுத்தினான். நிறுத்தியதோடு விட்டானா? ஆக்ஸிலேட்டரை மிதித்து உர்ரென்று உறுமவிட்டான்.

அந்தக் குளிரிலும் அண்ணனுக்கு உச்சந்தலைக்குச் சூடு ஏறியது.

"கொழுப்பைப் பாத்தியா? என் வண்டி கெளம்பலேன்னு தெரிஞ்சே வழியை மறிச்சு நின்னுட்டு உறுமிக் காட்றான்."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றாள் மனைவி, சுடுதண்ணீர்க் குண்டானோடு வந்தவள். "அங்க என்ன பார்வை?"

வேலை என்னவோ விடிந்ததிலிருந்து ஒன்றுதான். வண்டியைக் கிளப்புவது. ராத்திரி பெய்த பனியில் பழைய டீசல் லாரி விறைத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் ஊங், ஊங் என்று முனகும். அதோடு சரி.

இன்றைக்குப் பார்த்தா இப்படி? பால் பண்ணையில் அண்ணனுக்கு இன்று முதல் நாள். கேட்டைத் திறக்கும்போது லாரி வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வேலை அடுத்தவனுக்கு.

"உங்க வண்டி பழசு. குளிர்ல மக்கர் பண்ணும்னு சொல்றாங்களே" என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே கேட்டிருந்தார்.

"வண்டிதான் சார் பழசு. நான் இருக்கேன்ல" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார் இவர்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. அப்பாவின் லாரியை அண்ணன் வைத்துக்கொண்டார். தம்பி புதிதாக ஒன்று வாங்கினான். வாங்கியவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொந்தக்காரர் வீட்டு விருந்தில், அத்தனை பேர் முன்னால், "அண்ணே, அந்தக் கட்டையைக் காயலாங்கடையில தள்ளிட்டு என்கூட வந்துடேன்" என்றான்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தவர்தான் அண்ணன். ஒரே முற்றம், எதிரெதிர் வீடு. அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது.

"ஏங்க, பேட்டரியும் எறங்கிட்டே போகுது. தம்பிகிட்ட ஒரு வார்த்தை..."

"செத்தாலும் கேக்க மாட்டேன். எவன் தயவும் வேணாம். நீ ஃபில்டர் மேல தண்ணிய ஊத்து. உள்ள டீசல் மெழுகா ஒறைஞ்சு கெடக்கு."

அவள் ஊற்றினாள். இவர் கோணிச்சாக்கைச் சுடுதண்ணீரில் நனைத்து டீசல் பைப்பைச் சுற்றிக் கட்டினார். விரல் மரத்துப் போனது. வாயில் வைத்து ஊதிக்கொண்டு சீட்டில் ஏறினார். பானெட் தூக்கியிருந்ததால் முன்னால் எதுவும் தெரியவில்லை. தம்பி வண்டியின் உறுமல் மட்டும் காதைத் துளைத்தது.

எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் ஸ்விட்சை விடாமல் அழுத்திப் பிடித்தார். கிளட்சை மிதித்தார். சாவியைத் திருப்பினார்.

ஊங்.

"மானத்தை வாங்காதே. எங்கப்பா உன்னை இதைவிடக் குளிர்ல ஓட்டினவரு" என்று லாரியிடமே சொன்னார். இறங்கினார், பைப்பைத் தட்டினார், ஏறினார், திருப்பினார். திரும்ப இறங்கினார். கிளப்பாமல் விடுவதில்லை என்று ஒரே பிடியாக நின்றார்.

கடைசியில் லாரி முனகக்கூட இல்லை. டிக் என்றது.

"இன்னொரு தடவை போடுங்க" என்று வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னத்தைப் போடறது? உசுரே இல்லை."

"நான் சொல்றேன்ல. கொஞ்சம் பொறுங்க... ம், இப்பப் போடுங்க."

போட்டார். லாரி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. வெள்ளையாகப் புகையைக் கக்கிவிட்டு, கடகடவென்று பிடித்துக்கொண்டது.

அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். எதிர் வண்டிக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"நல்லாப் பாத்துக்க. எவன் தயவும் இல்லாம கெளம்பிருச்சு. காயலாங்கடைக்குப் போற வண்டியாம்ல."

பானெட்டைச் சாத்த இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வந்தவர், அப்படியே நின்றார்.

பேட்டரிப் பெட்டி திறந்திருந்தது. மனைவி கையில் ஒரு கிளிப். இன்னொரு கிளிப் பேட்டரியைக் கவ்விக்கொண்டிருந்தது. அதிலிருந்து புறப்பட்ட கேபிள் நேரே தம்பி வண்டிக்குப் போனது. குட்டைக் கேபிள். அவ்வளவு ஒட்டி நிறுத்தினால்தான் எட்டும். இந்த பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றத்தான் அவன் உறுமவிட்டான் என்று ஒரு லாரிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தம்பி பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். இரண்டு எஞ்சின் சத்தத்தில் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சீக்கிரம் கழட்டுங்க அண்ணி. அண்ணன் பாத்தா ரோஷத்துல வண்டிய ஆஃப் பண்ணிடுவாரு. அவரே கெளப்பினதா இருந்துட்டுப் போகட்டும்."

அண்ணன் சத்தம் காட்டாமல் பின்வாங்கினார். வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகை வந்தது. சீட்டில் ஏறி, அத்தனை பாடுபட்டுக் கிளப்பிய எஞ்சினைத் தன் கையாலேயே நிறுத்தினார்.

"போச்சு. பாத்துட்டாரு" என்றாள் மனைவி. தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அண்ணன் இறங்கி வந்து, நேராகத் தம்பி முன்னால் நின்றார்.

"டேய், வண்டி நின்னு போச்சுடா. கொஞ்சம் கேபிள் குடேன்."