ஏழு நிமிடம் இருபது செக்கன்

“எல்லாத்தையும் கழட்டிப் பாருங்கோ தம்பி. அந்தச் சிவப்பு முள்ளு மட்டும் அசையக் கூடாது.”

கதிரவேலர் மேசையில் வைத்த பொருளைப் பார்த்ததும் முனாஸ் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். காற்றுப் பட்டாலே அது கெட்டுவிடும் என்று நினைத்தானோ என்னவோ. முப்பது வருடமாக மணிக்கூடு திருத்துகிறவன். இந்த வகையைப் படத்தில்தான் பார்த்திருந்தான். போர்க்காலத்து விமானிகளின் கைக்கடிகாரம். கறுப்பு முகம், விளிம்பில் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் சிவப்பு முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானில் தெரியாமல் விரல் பட்டாலும் முள் பூச்சியத்துக்குப் பாய்ந்துவிடும். அளந்த நேரம் அத்தோடு அழிந்தது.

சிவப்பு முள்ளும் அதன் சின்ன நிமிட முள்ளும் ஏழு நிமிடம் இருபது செக்கனில் நின்றிருந்தன.

சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த கதிரவேலர் சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். தகப்பன் சீனன்குடா விமானத் தளத்தில் வேலை செய்தவராம். மணிக்கூடு ஒரு வெள்ளைக்கார விமானியுடையதாம். ஆறு மாதமாகச் சாவி கொடுத்தும் ஓடவில்லையாம். அதன் சத்தம் இல்லாமல் வீட்டில் இருக்க ஏலாதாம்.

இவ்வளவும் போதுமாயிருந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஜமால்தீன் நானா எட்டிப் பார்த்துவிட்டு, குண்டடிபட்ட விமானம் கடலைத் தொடும்வரை விமானி கணக்கெடுத்த நேரம்தான் அது என்று அறிவித்தார். முனாஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எண்பது வருடத்துக்கு முந்திய ஒரு மனிதனின் கடைசி ஏழு நிமிடம், உட்துறைமுக வீதியில், தன் மேசையில்.

தேத்தண்ணி ஆறுவதற்குள், விமானம் விழுந்த இடத்தை அங்கே கூடிவிட்டவர்களில் மூன்று பேர் மூன்று திசையில் காட்டிவிட்டார்கள். நாலாமவர் அது எரிந்த புகையையே கண்ணால் கண்டவர். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

உண்மையா என்று கதிரவேலரைக் கேட்டார்கள். “இருக்கும்” என்றார்.

பூச்சியத்துக்குக் கொண்டுவந்து ஒருக்கா ஓடவிட்டுப் பார்ப்போமே என்றார் ஜமால்தீன். கதிரவேலர் மணிக்கூட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். முனாஸ் வாசல்வரை ஓடி, உம்மா மேல் சத்தியம் செய்து, அவரைத் திரும்பக் கூட்டிவர வேண்டியதாயிற்று.

பிறகு தொழுகைக்குப் போகிறவன் மாதிரி முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நெருப்புக்குச்சியைச் சீவி, கீழ்ப் பொத்தான் உள்ளே போகாதபடி இடுக்கில் செருகினான். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தான்.

உள்ளே பற்சில்லுகள் நேற்றுச் செய்தவை போல மின்னின. தேய்வுமில்லை, உடைவுமில்லை. பொத்தான் துளை வழியாக இறங்கிய ஏதோ வெள்ளைத் தூள், ஆடும் சில்லின் ஓரத்தில் படிந்து இறுகிப்போயிருந்தது. அதுதான் நிறுத்தி வைத்திருக்கிறது.

“விமானம் எரிஞ்ச சாம்பல்” என்றார் ஜமால்தீன், பள்ளிவாசலுக்குள் பேசுகிற குரலில்.

ஊர் வீதிகளில் மாடுபோலத் திரிந்துவிட்டுக் கடைப்படியில் வந்து படுத்திருந்த மான்கூட அசைபோடுவதை நிறுத்தியது. முனாஸ் ஊசி முனையால் துணுக்குத் துணுக்காக எடுத்தான். ஒன்றையும் ஊதித் தள்ள மனம் வரவில்லை. அத்தனையையும் வெள்ளைக் கடதாசியில் சேர்த்து, நாலாக மடித்து, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தான். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடை முகப்பில் மாட்டினால் கொழும்பிலிருந்தும் வந்து பார்ப்பார்கள்.

கடைசித் துணுக்கும் வந்ததும் சில்லு தானாகவே ஒருமுறை துடித்தது. நின்றது. பிறகு ஓடத் தொடங்கியது.

சிவப்பு முள் மயிரிழையும் அசையவில்லை.

கதிரவேலர் மணிக்கூட்டைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் அதைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

முனாஸால் அடக்க ஏலவில்லை. “ஐயா, கடைசியா அந்தப் பொத்தானை அமத்தக்குள்ள அந்த மனிசன் என்ன நினைச்சிருப்பாரு?”

“ஆர், வெள்ளைக்காரனோ? அவன் யுத்தம் முடிஞ்சு சுகமா ஊருக்குப் போயிட்டான்.” கதிரவேலர் கண்ணைத் திறந்தார். “இது பிட்டு அவியிற நேரம். கடைசியா அமத்தினது என்ர மனுசி, ஆறு மாதத்துக்கு முந்தி, குழைச்ச கையோட.”

பிறகு லாச்சிப் பக்கம் கையை நீட்டினார்.

“அந்த மாவையும் தாங்கோ தம்பி.”