பன்னிரண்டாவது ஆள்

திண்டிவனத்துக் கல்லூரியின் கூடைப்பந்துத் தளம் மாலையாகியும் பகல் சூட்டை விடவில்லை. பயிற்சியாளர் கலைமதி விசிலை வாயில் வைப்பதும் எடுப்பதுமாக நிற்கிறாள். கட்டணமில்லாத படிப்பும் ஹாஸ்டலும் அணியில் பன்னிரண்டு பேருக்குத்தான். புதிதாக ஒருத்தி வந்தால் இருப்பவர்களில் ஒருத்தி போயாக வேண்டும். செலக்‌ஷனுக்காக மேல்மலையனூரிலிருந்து பஸ் ஏறி வந்த நெட்டைப் பெண் புனிதா, வளையத்துக்குக் கீழே எம்பி எம்பிப் பந்து போடுகிறாள். ஒவ்வொரு முறையும் பந்து வலையை உரசி இறங்குகிறது. விழுந்த பந்தை ஓடி ஓடிப் பொறுக்கி, புனிதாவின் கைக்கே வாகாக வீசிக்கொண்டிருக்கிறவள் ஆரோக்கியசெல்வி. மேட்ச் நாட்களில் பெஞ்சின் கடைசியில் உட்காருகிற பன்னிரண்டாவது ஆள். புனிதா தேறினால் இவளை எடுத்துவிடலாம் என்று முதல்வரிடம் காலையிலேயே சொல்லியாயிற்று. இவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை. பைபாஸில் விழுப்புரம் பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறது. ஆரோக்கியசெல்வியின் கால்களைக் கலைமதி அப்போதுதான் பார்க்கிறாள். "எதுக்குடி வெறுங்கால்ல ஓடிக்கினு இருக்கே? ஷூ எங்க?" என்று எரிந்து விழுகிறாள். சுடுகிற தரையில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி அவள் சிரிக்கிறாள். "அவ போட்டுக்கினு இருக்கா மேடம். செருப்போட வந்துட்டா, பாவம். எதுக்கும் போட்டுப் பாருன்னு குடுத்தேன். அளவெடுத்த மாதிரி இருக்குது மேடம் அவளுக்கு."